புதிய மென்டார்களுக்கான பயிற்சியை வடிவமைப்பது எப்படி: பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூலையில் ஓர் உதவிப் பேராசிரியர் பணியில் சேர்கிறார். எம்.இ. முடித்தவர், பாடத்தில் தேர்ந்தவர். இரண்டாவது வாரமே துறைத் தலைவர் 20 பெயர்கள் கொண்ட பட்டியலையும் ஒரு கட்டு மென்டார் பதிவேடுகளையும் கையில் கொடுத்து, "இந்தப் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எதைப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்வதில்லை. ஆகஸ்டில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வருகிறார். குளிரூட்டப்பட்ட கருத்தரங்கக் கூடத்தில் ஒரு நாள் உரை, குழுப் புகைப்படம், சான்றிதழ். 'மென்டார் பயிற்சி நடத்தப்பட்டது' என்று கோப்பில் ஏறிவிடுகிறது. செப்டம்பரில் ஒரு மாணவி வந்து, "மேடம், எனக்கு வருகை 71 சதவீதம். தேர்வு எழுத முடியுமா?" என்று கேட்கிறாள். அந்த ஒரு நாள் உரையில் இதற்கு விடை இல்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள பொறியியல் கல்லூரிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சில கல்லூரிகளில் இந்தப் பொறுப்புக்கு கிளாஸ் அட்வைசர் என்று பெயர், கலை அறிவியல் கல்லூரிகளில் டியூட்டர் என்பார்கள். விதிகளை மட்டும் மாற்றிக்கொண்டால் இந்த அமைப்பு அங்கும் பொருந்தும். என் நிலைப்பாடு இதுதான்: மென்டார் பயிற்சி மாணவர்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும். அது ஒரே நாளில் முடியாமல் செமஸ்டரின் போக்கோடு சேர்ந்து நகர வேண்டும்.

படி 1: கேள்விகளைத் திரட்டுங்கள்

பயிற்சிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. மூத்த பேராசிரியர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. தேர்வுப் பிரிவு ஊழியர், உதவித்தொகைக் கோப்புகளைப் பார்க்கும் அலுவலக எழுத்தர், விடுதிக் காப்பாளர், நூலகர் எல்லோரிடமும் கேளுங்கள்: "போன வருடம் பிள்ளைகள் உங்களிடம் எதற்கெல்லாம் வந்து நின்றார்கள்?" மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலரிடம் வேறு கேள்வி: "முதலாண்டிலேயே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எதை நினைக்கிறாய்?" பெரும்பாலும் இந்தக் கேள்விக்குத்தான் பயனுள்ள விடைகள் கிடைக்கும்.

திரண்ட கேள்விகளை மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விதி தெரிந்தால் விடை சொல்லிவிடக் கூடியவை முதல் குவியல். உட்கார்ந்து பேசினால்தான் வழி பிறக்கக் கூடியவை இரண்டாவது. மென்டாரின் எல்லைக்கு வெளியே உள்ளவை, அதாவது வேறொருவரிடம் கைமாற்ற வேண்டியவை, மூன்றாவது. மாணவர்களுக்கான கல்வி ஆலோசனைத் துறையின் அமெரிக்க அமைப்பான நகாடா 2017-இல் வெளியிட்ட திறன் வரையறையும் கருத்து, தகவல், உறவு என்று மூன்றாகத்தான் பிரிக்கிறது. கருத்துப் பகுதியை நான் சுருக்கிவிடுவேன். 1972-இல் அமெரிக்கக் கல்வியாளர் பர்ன்ஸ் குரூக்ஸ்டன், மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் சொல்லி அனுப்பும் ஆலோசனையையும் மாணவரின் வளர்ச்சியைக் கூட இருந்து வளர்க்கும் ஆலோசனையையும் பிரித்துக் காட்டினார். அந்த வேறுபாட்டை அரை மணி நேரம் விளக்கினால் போதும். கைமாற்றும் எல்லையை நம் ஊரில் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருப்பதால் மூன்றாவது குவியலை நானே சேர்த்துக்கொண்டேன்.

படி 2: பொறுப்பை ஒரு பக்கத்தில் எழுதி முதல்வரின் கையெழுத்து வாங்குங்கள்

மென்டார் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கட்டணப் பாக்கியைக் கேட்டு மாணவரைத் துரத்துவது மென்டாரின் வேலை அல்ல. அதை அவரிடம் ஒப்படைத்துவிட்டால் கட்டணம் கட்டாத மாணவர் அவர் இருக்கும் பக்கமே வரமாட்டார். உண்மையில் அவரைத் தேடி வர வேண்டியவரே அந்த மாணவர்தான். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் ஒருவருடைய மென்டாரே உறுப்பினராக உட்காருவதும் இதே தவறு.

எண்ணிக்கையையும் இந்தப் பக்கத்திலேயே வரையறுத்துவிடுங்கள். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ.யின் மூன்று வார மாணவர் அறிமுகத் திட்டம் சுமார் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவில் குழுக்களை அமைக்கச் சொல்கிறது. 40 பேரை ஒருவரிடம் கொடுத்துவிட்டு எந்தப் பயிற்சி அளித்தாலும் பயனில்லை. கால அட்டவணையில் வாரம் ஒரு பீரியட் இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். பல கல்லூரிகளின் அட்டவணையில் அந்தப் பீரியட் இருக்கவே செய்கிறது. பாடத்திட்டம் முடியாத ஆசிரியர் அதைக் கடன் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். 'இந்தப் பீரியடில் பாடம் நடத்தக் கூடாது' என்ற வரியையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

படி 3: விதிமுறைப் பட்டறை

பயிற்சியின் முதல் நாளை முழுக்க இதற்கே ஒதுக்குங்கள். பவர்பாயின்ட் வேண்டாம். ஆளுக்கு ஒரு பிரதி பல்கலைக்கழக ஒழுங்குமுறை (ரெகுலேஷன்), ஒரு கால்குலேட்டர், கேள்வித்தாள். புத்தகத்தைப் பார்த்தே விடை எழுதட்டும், மனப்பாடம் தேவையில்லை. ஒரு மாணவர் எதிரே நிற்கும்போது சரியான பக்கத்தைப் புரட்டத் தெரிந்தால் போதும்.

கேள்விகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2021 ஒழுங்குமுறைப்படி தியரி பாடத்துக்கு அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வர வேண்டும். இதை வாசித்துக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கணக்காகக் கொடுங்கள்.

அகமதிப்பீட்டில் 38 வாங்கிய மாணவி செமஸ்டர் தேர்வில் 100-க்கு 44 வாங்குகிறாள். 44 என்பது 60-க்கு 26.4. மொத்தம் 64.4. தேர்ச்சியா? இல்லை, தேர்வில் 45 சதவீதத்தை எட்டவில்லை. அடுத்தவன் அகமதிப்பீட்டில் 15 மட்டுமே வாங்கியிருக்கிறான். தேர்வில் 45 எடுக்கிறான். அது 60-க்கு 27, மொத்தம் 42. அவனும் தேர்ச்சி இல்லை. அவனுக்கு 60-க்கு 35 வேண்டும், அதாவது 100-க்கு 59. "45 எடுத்தால் பாஸ்" என்று விடுதியில் சீனியர்கள் சொல்லும் வாக்கு அகமதிப்பீட்டில் 23 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செல்லும். புதிய மென்டார்கள் இந்த 23 என்ற கோட்டைத் தாங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர் இரண்டாவது அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்த அன்றே தன் 20 பேரில் யாருக்கு ஆபத்து என்று பட்டியல் போட்டுவிடுவார்.

வருகைப்பதிவும் இதே மாதிரிதான். 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65-க்கும் 75-க்கும் இடையே இருந்தால் மருத்துவ காரணம், விளையாட்டு போன்றவற்றுக்குச் சான்றுடன் விலக்கு கோரலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வு இல்லை, அந்த செமஸ்டரை மீண்டும் படிக்க வேண்டும். இதுவரை விதி. இனிக் கணக்கு: இதுவரை நடந்தவை 200 வகுப்புகள், மாணவன் வந்தவை 130. இன்னும் 100 வகுப்புகள் மிச்சம். 75 சதவீதத்தை எட்ட மொத்தம் 225 வேண்டும், ஆகவே மிச்சமுள்ள 100-இல் 95-க்கு வந்தாக வேண்டும். ஐந்து வகுப்புகள்தான் விடலாம். இந்த வாக்கியத்தை மாணவனிடம் சொல்வதும், "ஒழுங்காக வகுப்புக்கு வா" என்று சொல்வதும் ஒன்றல்ல. ஒரு மாதம் கழித்து இதே கணக்கைப் போட்டால் மிச்சமுள்ள வகுப்புகள் அத்தனைக்கும் வந்தாலும் 75 வராமல் போகலாம். பயிற்சியில் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற தலைப்புகளை விரைவாகக் கடந்துவிடலாம். நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க அதிகபட்சம் ஏழு ஆண்டுகள், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு ஆறு. தேர்விலிருந்து முறைப்படி விலகுவதற்கும் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதற்கும் வழி உண்டு. பல மாணவர்களுக்கு இவை இருப்பதே தெரியாது, மஞ்சள் காமாலை வந்தும் தேர்வு எழுதப் போய் அரியர் வாங்கி வருவார்கள். விடைத்தாள் நகல் பெற்ற பிறகுதான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும், இரண்டுக்கும் கெடு சில நாட்களே. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் இந்த எண்கள் எல்லாமே மாறலாம். ஒரே வளாகத்தில் வெவ்வேறு ஆண்டு மாணவர்கள் வெவ்வேறு ஒழுங்குமுறையின்கீழ் இருப்பதும் வழக்கம். ஆகவே மாணவரிடம் மென்டார் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நீ எந்த ரெகுலேஷன்?"

படி 4: உதவித்தொகைக்கு எழுத்தரையே பயிற்சியாளர் ஆக்குங்கள்

பேராசிரியர்கள் முகம் சுளிக்கலாம், பொருட்படுத்தாதீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்பது, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் என்று இவற்றில் எது எங்கே சிக்கும் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். கல்லூரி மாணவர்களுக்கான அரசின் யு.எம்.ஐ.எஸ். பதிவில் பெயர் எழுத்துப்பிழை, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படாமல் கிடப்பது, வருமானச் சான்றிதழ் காலாவதி என்று பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் ஒரு வருடப் பணம் நின்றுபோகிறது. அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நிறுத்திவைக்கப்பட்ட பழைய விண்ணப்பங்களைப் பெயரை மறைத்துவிட்டுப் பார்க்கட்டும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. ஒரு மாணவரின் சாதியை 60 பேர் முன் அறிவிப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல், வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் ஆசிரியர்கள் இதைச் செய்கிறார்கள்.

படி 5: பேச்சுப் பயிற்சி

இரண்டாம் நாள். மூவர் மூவராகப் பிரித்துவிடுங்கள். ஒருவர் மென்டார், ஒருவர் மாணவர், ஒருவர் வெறுமனே கவனிப்பவர். மாணவராக நடிப்பவருக்கு மட்டும் ஒரு சீட்டு கொடுங்கள். ஒரு சீட்டின் வாசகம் இது: 'நீ மூன்றாம் செமஸ்டர். இரண்டு அரியர், ஒன்று கணிதம். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறாய். வீட்டுக்குத் தெரியாது. நேரடியாகக் கேட்காதவரை சொல்லாதே.'

பயிற்சி பெறாத உரையாடல் இப்படித்தான் ஓடும்:

"ஏன் இரண்டு அரியர்?"

"சரியாகப் படிக்கவில்லை, சார்."

"இனிமேலாவது ஒழுங்காகப் படி. அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்புகிறார்!"

"சரி, சார்."

இருபது வினாடிகளில் கூட்டம் முடிந்தது. பதிவேட்டில் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் ஆகிவிடும். 'ஏன்' என்ற கேள்விக்கு மாணவர்கள் ஆசிரியருக்குப் பிடித்த விடையைத்தான் சொல்வார்கள், அந்த விடை ஆசிரியருக்கும் தெரிந்ததே. அதற்குப் பதில் நடந்ததைக் கேட்கச் சொல்லுங்கள்:

"போன வெள்ளிக்கிழமை கல்லூரி விட்டதிலிருந்து தூங்கப் போனது வரை என்ன செய்தாய்? வரிசையாகச் சொல்."

"ரூமுக்குப் போனேன், சார். அப்புறம் வெளியே ஒரு வேலை."

"எத்தனை மணிக்குத் திரும்பினாய்?"

"இரண்டு மணி இருக்கும், சார்."

இங்கே கதவு திறக்கிறது. கவனிப்பவரின் கடமை, எந்தக் கேள்விக்கு அது திறந்தது என்று குறித்துக்கொள்வதுதான். பிறகு அந்த மாணவனின் வருகைப்பதிவைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடியில் முழு வருகை, ஆவணி பிறந்ததும் முகூர்த்தத்துக்கு மறுநாள் எல்லாம் முதல் இரண்டு பீரியட் விடுப்பு. இதைப் பார்த்த பின்பு 'சோம்பேறி' என்ற சொல் எவர் வாயிலும் வராது. வேலையை விடு என்று சொல்வது எளிது, ஆனால் அந்தப் பணத்தில்தான் விடுதிக் கட்டணம் போகிறது என்றால்? எந்த நாட்களில் வேலையை ஏற்கலாம், அகமதிப்பீட்டுத் தேர்வு வாரத்தில் எதை மறுக்கலாம், வர வேண்டிய உதவித்தொகை ஏதாவது நின்றுபோயிருக்கிறதா என்று பார்ப்பதே மென்டாரின் வேலை.

பட்டறைக்கு ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: முதல் மூன்று நிமிடம் அறிவுரை சொல்லக் கூடாது. மூன்று நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது அப்போதுதான் தெரியும். நன்றாகப் பேசத் தெரிந்த ஆசிரியர்களே இதில் அதிகம் தடுமாறுவார்கள்.

இதே வடிவில் குறைந்தது நான்கு சீட்டுகள் தயாரியுங்கள். தமிழ்வழியில் படித்து வந்து வகுப்பில் ஆங்கிலம் புரியாமல் வாய் திறக்காத மாணவி, பெற்றோர் தேர்ந்தெடுத்த துறை பிடிக்காதவன், நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து கணிதத்தில் திணறுபவன், எல்லாவற்றிலும் முதலிடம் வாங்கிக்கொண்டே தூக்கமில்லாமல் இருப்பவள். கடைசிச் சீட்டை விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் நன்றாக இருந்தால் மென்டார்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

படி 6: எங்கே நிறுத்துவது, யாரிடம் கைமாற்றுவது

இந்தப் பகுதியை மனநல நிபுணர் ஒருவர்தான் நடத்த வேண்டும். இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் இல்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு விதித்த வழிகாட்டுதல்களில், ஆசிரியர்களும் மற்ற ஊழியர்களும் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை தகுதி பெற்ற மனநல வல்லுநர்களிடம் பயிற்சி பெற வேண்டும் என்பது ஒன்று. உளவியல் முதலுதவி, எச்சரிக்கை அறிகுறிகள், கைமாற்றும் வழி ஆகியவை அந்தப் பயிற்சியில் இருக்க வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்பது இன்னொன்று. இந்த ஆண்டுக்கான இரு பயிற்சி நாட்களையும் இப்போதே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

மென்டார் கற்க வேண்டியவை குறைவு, ஆனால் உறுதியாகக் கற்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. 'ஆம்' என்ற பதில் வந்தால் அந்த மாணவரைத் தனியே விடக் கூடாது, சீட்டெழுதி அனுப்பாமல் கூடவே நடந்து ஆலோசகரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். இரவில், ஊரில் இருக்கும்போது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை எல்லோரும் பயிற்சி அறையிலேயே கைபேசியில் பதிந்துகொள்ளட்டும்.

ரகசியம் பற்றி ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழக வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. "உன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் உதவக் கூடியவரிடம் சொல்வேன், அதையும் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்பதே சரி.

பலரும் யோசித்துப் பார்க்காத சட்டம் ஒன்று உண்டு. முதலாண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான். போக்சோ சட்டத்தின் கண்ணில் அவர்கள் குழந்தைகள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி புகார் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் இருப்பது குற்றம். 'துறைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று மேலிருந்து யார் சொன்னாலும் இந்தக் கடமை மாறாது. 18 நிரம்பியவர் என்றால் உள் புகார் குழு. அதன் உறுப்பினர்களின் பெயர்கள் மென்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராகிங் தடுப்புக்கான தேசிய உதவி எண் 1800-180-5522.

படி 7: பெற்றோரிடம் பேசுவது

இதற்கு ஒரு மணி நேரம் போதும். விதி ஒன்றுதான்: வீட்டுக்குப் போன் செய்யும் முன் மாணவரிடம் சொல்லிவிட வேண்டும், முடிந்தால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேச வேண்டும். பல வீடுகளில் கல்லூரியிலிருந்து வரும் போன் என்றாலே மகளின் படிப்பை நிறுத்துவதற்கான காரணம் தேடும் உறவினர் ஒருவர் இருப்பார். முதல் அழைப்பு நல்ல செய்திக்காக இருக்கட்டும். அரியர் வந்த பிறகு முதன்முறையாக அறிமுகமாகும் ஆசிரியரை எந்தப் பெற்றோரும் நம்புவதில்லை.

படி 8: பதிவேடு

தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், இரண்டு ஆண்டுப் பதிவேடுகள் நிரப்பப்படுவதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைத் தடுக்க ஒரே வழி, எழுத வேண்டியதைக் குறைப்பது. சந்தித்த நாள், பேசிய விஷயம் ஒரு வரி, எடுத்த முடிவு ஒரு வரி, அடுத்த சந்திப்பு எப்போது. அவ்வளவே.

எழுதக் கூடாதவை இதைவிட முக்கியம். காதல் விவகாரம், நோயின் பெயர், வீட்டுச் சண்டை, மென்டாரின் அபிப்பிராயம் ஆகியவை பதிவேட்டில் ஏறக் கூடாது. அந்தப் பதிவேட்டைத் துறைத் தலைவரும் பார்ப்பார், ஆய்வுக் குழுவும் பார்க்கும், மேசையில் கிடந்தால் வகுப்புத் தோழனும் பார்ப்பான். பயிற்சியில் மோசமாக எழுதப்பட்ட ஐந்து வரிகளைக் கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். 'குடும்பப் பிரச்சினையால் மனநிலை சரியில்லை' என்பது 'ஆலோசகரைச் சந்திக்க ஏற்பாடு செய்யப்பட்டது' என்று மாறும்.

படி 9: செமஸ்டரின் போக்கில் மீதிப் பயிற்சி

இரண்டு நாள் தொடக்கப் பயிற்சிக்குப் பிறகு, 45 நிமிடக் கூட்டங்கள். தேதியைத் தேவை தீர்மானிக்கட்டும். நான்காவது வாரம், முதல் வருகைப் பட்டியல் வந்ததும் ஒன்று. அவரவர் பட்டியலைக் கொண்டுவந்து 'ஐந்து வகுப்புகள்தான் விடலாம்' கணக்கைப் போடும் கூட்டம் அது. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்று. தேர்வு முடிவு வரும் வாரம் ஒன்று, மறுமதிப்பீட்டுக் கெடுவுக்கு முன்பே. எலெக்டிவ் எனப்படும் விருப்பப் பாடங்களைத் தேர்வு செய்யும் காலத்துக்குச் சற்று முன் ஒன்று. கூடுதல் பாடங்கள் படித்துப் பெறும் மைனர், ஹானர்ஸ் பட்டம் எடுக்க விரும்பும் மாணவர் கூடுதல் 18 கிரெடிட்டைத் தாங்குவாரா என்பது இந்தக் கூட்டத்துக்கான விவாதம். நண்பர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காகவே அதில் விழுபவர்கள் அதிகம். நேரடி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வந்து சேரும் நேரம் தனி. முதலாண்டை மட்டும் கணக்கில் கொண்டு பயிற்சி நாட்களை வகுத்தால் அவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

முதல் செமஸ்டரில் ஒவ்வொரு புதியவரும் அனுபவமுள்ள மென்டார் ஒருவரின் சந்திப்புகளில், மாணவரின் சம்மதத்தோடு, இரண்டு மூன்றிலாவது உடனிருக்க வேண்டும். அனுபவமுள்ளவரைப் பணிமூப்பு பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த ஆசிரியரின் அறை வாசலில் மாணவர்கள் தாமாகவே வந்து நிற்கிறார்களோ, அவரைத் தேர்ந்தெடுங்கள்.

படி 10: பலன் தந்ததா என்று பார்ப்பது

பயிற்சி முடிந்த அன்று வாங்கும் கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்றுதான் போடுவார்கள், சாப்பாடு நன்றாக இருந்தால் நிச்சயமாக. செமஸ்டர் முடிவில் வேறு நான்கு விஷயங்களைப் பாருங்கள். வருகை 65-க்குக் கீழே போனவர்களில் எத்தனை பேரை, இன்னும் மீளக்கூடிய நிலையில் இருந்தபோதே மென்டார் சந்தித்தார்? கெடு தவறியதால் உதவித்தொகை இழந்தவர் எத்தனை பேர்? ஆலோசகரிடம் சென்றவர்களில் மென்டார் கூட்டிச் சென்றவர்கள் உண்டா? நான்காவது, வகுப்பில் திடீரென்று நுழைந்து ஒரு துண்டுச் சீட்டில் "உன் மென்டாரின் பெயர் என்ன? கடைசியாக எப்போது பேசினீர்கள்?" என்று எழுதி வாங்குவது. பதிவேட்டில் உள்ள தேதியையும் சீட்டில் உள்ள தேதியையும் ஒப்பிட்டால் நிலவரம் தெரிந்துவிடும். இந்த ஒப்பீட்டை ஒரு மென்டாரைத் தண்டிக்கப் பயன்படுத்தினால் அடுத்த முறை சீட்டு எழுதும்போது வகுப்பில் அவரே நின்றுகொண்டிருப்பார், ஆகவே துறை வாரியாக மட்டும் தொகுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் கேள்வித் தொகுப்பையும் நடிப்புச் சீட்டுகளையும் திருத்துங்கள். பல்கலைக்கழகம் விதியை மாற்றியிருந்தால் கணக்குகளையும் மாற்ற வேண்டும். இந்த ஆண்டு பயிற்சி பெற்றவர்களில் இருவர் அடுத்த ஜூலையில் விதிமுறைப் பட்டறையை நடத்தட்டும், புதிய சீட்டுகளையும் அவர்களே எழுதட்டும்.